காசநோயும் தீவகமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு நோயின் வரலாறு மருத்துவத்தின் வரலாறு மட்டுமன்று. அந்நோயைச் சமூகம் எவ்வாறு விளங்கிக்கொண்டது, நோயாளரை எங்கே வைத்தது என்பவற்றின் வரலாறுமாகும். காசநோயின் வரலாறு, யாழ்ப்பாணத் தீவகத்து அல்லைப்பிட்டி போன்றதொரு கிராமத்திலிருந்து நோக்கும்போது எத்தகைய வினாக்களை எழுப்புகின்றது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம்.

இந்நோய்க்குத் தமிழில் வழங்கிய பெயர்களே நமக்கு முதற் சான்றுகளாகின்றன. 'சயம்' தேய்வைக் குறிப்பது. 'எலும்புருக்கி' உடல் உருகி எலும்பு தோன்றும் நிலையைச் சுட்டுவது. 'காசம்' இருமலைக் குறித்த சொல். ஈழத்துப் பேச்சுவழக்கில் இது 'கசம்' எனவும் வழங்கும். இவை யாவும் கண்ணாற் கண்ட அறிகுறிகளினின்று பிறந்த பெயர்கள்; காரணத்தைச் சுட்டுவன அல்ல. காரணம் அறியப்படாதவிடத்து, நோயைப் பரம்பரைக் குற்றமென்றும் வினைப்பயனென்றும் கூறுதல் எளிதாயிற்று. நோயை மறைக்கும் வழக்கத்துக்கும் இதுவே வேராகும்.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்குவித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1873இல் நாடு திரும்பினார். றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தமையை அறிவித்ததோ 1882 மார்ச் 24ஆம் திகதியாகும். எனவே, தமிழ்வழி மருத்துவக் கல்வியின் அம்முதற்கட்டம் கிருமிக் கொள்கை இந்நோயில் நிறுவப்படுமுன்னரே முடிவுற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கிருமி காற்றின் வழி பரவுவது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் தொற்றுக்குள்ளானோர் அனைவரும் நோயாளராவதில்லை. ஏறத்தாழப் பத்திலொரு பங்கினரோ, அதனினும் குறைந்தோரோதான் தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர். ஊட்டக்குறைவு, நெருக்கடியான உறைவிடம், புகைப்பழக்கம், நீரிழிவு போன்றன அவர் யாவர் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் காசநோய் மரணங்கள், 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டறியப்படுமுன்னரே பெருமளவு குறைந்திருந்தன என்பதைத் தோமஸ் மக்கியூன் எடுத்துக்காட்டினார். உணவு மேம்பாடே அதற்குத் தலையாய காரணம் என்னும் அவரது முடிபைப் பின்வந்தோர் மறுத்துரைத்தனர். எனினும், மருந்துக்கு முன்னரே வீழ்ச்சி நிகழ்ந்தது என்பது மறுக்கப்படவில்லை.

இதன் மறுபக்கத்தைச் சென்னை ஆய்வு காட்டுகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியன இணைந்து 1956இல் சென்னையில் ஒரு மையத்தை நிறுவின. நெருக்கடி மிக்க வறிய பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நல்லுணவும் ஓய்வும் கிடைக்கும் சானற்றோறியத்திலும், மற்றோர் தத்தம் வீடுகளிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிபுகளின்படி, வீட்டில் 86 வீதத்தினரும் சானற்றோறியத்தில் 92 வீதத்தினரும் நலமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தினர் கூடுதலாக நோயுறவுமில்லை. நோயாளரை ஊரைவிட்டு அகற்றுதல் வேண்டும் என்னும் கொள்கை இதனால் அடிப்படையிழந்தது.

தீவகத்துக்கு இம்முடிபு தனிப் பொருளுடையது. அல்லைப்பிட்டி பண்ணைப் பாலத்தின் வழியாக யாழ்ப்பாண நகரோடு தரைத் தொடர்புடையது. நெடுந்தீவாருக்கோ குறிகட்டுவான்வரை படகுப் பயணம் தவிர்க்கவியலாதது. நாட்கூலியையும் நாட்பிடிப்பையும் நம்பி வாழும் கடற்றொழிலாளிக்கு மருந்து இலவசமாயினும், அதனைப் பெறச் செல்லும் நாள் இலவசமன்று. ஆறு மாதச் சிகிச்சை ஒழுங்காக நிறைவுறாவிடின் நோய் மீளவும், கிருமி மருந்தை எதிர்க்கும் வலுப்பெறவும் இடமுண்டு.

போர் இதனை மேலும் கடினமாக்கியது. 1990இன் பின்னர் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப் நேரி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் எறிகணை வீச்சுக்கு இலக்காயினர். மக்கள் மீண்டும் ஊரைவிட்டு நீங்கினர். முகாம்களின் நெருக்கம், உணவுப் பற்றாக்குறை, சிகிச்சைத் தொடர்ச்சியின்மை ஆகியன காசநோய்க்குச் சாதகமானவை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதாகும். ஆதலின் இடப்பெயர்வின் வரலாறு, நோயின் வரலாற்றினின்றும் பிரித்தெழுதத்தக்கதன்று.

மருந்தா, உணவா என வினவுதல் பொருத்தமற்றது என்பதே நம் முடிபு. மருந்து கிடைப்பின் வறிய இல்லத்திலும் நோயாளர் குணமடைவர் எனச் சென்னை ஆய்வு காட்டிற்று. ஜார்க்கண்டில் 2,800 நோயாளரின் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வோ, வீட்டாருக்கு அரிசி, பருப்பு, நுண்ணூட்டச்சத்து ஆகியன வழங்கியபோது அவர்களிடையே புதிதாக நோயுறுதல் 39 வீதத்தாற் குறைந்தமையைக் காட்டியது. முன்னையது நோயாளரைக் குணப்படுத்துவது பற்றியது. பின்னையது நோயாளர் உருவாகாமற் காப்பது பற்றியது. மருந்தைத் தீவுக்குக் கொண்டுசேர்ப்பது சுகாதாரத் துறையின் கடன். கூலி, உணவு, உறைவிடம் ஆகியவற்றைச் சீர்செய்வது அரசினதும் சமூகத்தினதும் கடன். இரண்டாவது நிறைவேறாதவரை முதலாவது ஓயாப் பணியாகவே இருக்கும்.