லிம்பர்க் சுரங்கங்கள்

நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலை ஒரே நாளில் அடைத்துவிடலாம். அவ்வாயிலை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு வாழ்வு அமைக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும்? நெதர்லாந்து நாட்டின் லிம்பர்க் மாகாணத்து வரலாறு இவ்வினாவிற்கு ஓரளவு விடை கூறுகிறது.

1965-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், ஹேர்லன் நகர நாடக அரங்கில், பொருளாதார அமைச்சர் யோப் டென் அய்ல், அம்மாகாணத்துச் சுரங்கங்கள் படிப்படியாக மூடப்படும் என்று அறிவித்தார். அயல்நாட்டு எண்ணெயும் நிலக்கரியும் மலிவாகக் கிடைத்தன. 1959-இல் குரோனிங்கன் மாகாணத்தில் மாபெரும் எரிவாயுப் படுகையும் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. லிம்பர்க் நிலக்கரி விலைப்போட்டிக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. அப்பொழுது சுரங்கங்களில் சுமார் 45,000 பேர் வேலை பார்த்தனர். மாற்று வேலைக்கு வழி செய்யாமல் சுரங்கத்தை மூடுவதில்லை என்று அமைச்சர் வாக்களித்தார். அவ்வாக்கை நம்பித் தொழிற்சங்கத் தலைவர்களும் இசைந்தனர்.

உதவிக்கு முன்னேற்பாடும் இருந்தது. 1951-இல் கையெழுத்தான ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூக உடன்படிக்கை, வேலையிழந்தோருக்கு இடைக்கால உதவித்தொகை, புதுத்தொழிற் பயிற்சி, வேற்றூரில் குடியேறும் செலவு ஆகியவற்றிற்கு வகை செய்திருந்தது. போர்ன் என்னும் ஊரில் 1967-இல் மோட்டார் கார்த் தொழிற்சாலை தொடங்கிற்று. அரசாங்கச் சுரங்க நிறுவனம் இரசாயனத் தொழிலை விரிவாக்கிற்று. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் ஒரு பகுதியும், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியமும் ஹேர்லனுக்கு வந்தன.

எனினும் வாக்கு முழுமையாக நிறைவேறவில்லை. நிலக்கரி வெட்டிப் பழகிய கைக்கு எழுத்தர் வேலை எங்ஙனம் பொருந்தும்? 1974 டிசம்பர் 31-இல் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டபோது, எண்ணெய் நெருக்கடியால் நாடெங்கும் தொழில் மந்தம் நிலவியது. முதியவர் பலர் மீண்டும் வேலை காணாமல் உதவித்தொகையிலேயே காலம் கழித்தனர். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து நோயுற்றோரின் துயரமோ, சுரங்கம் மூடிய பின்னும் பல்லாண்டு நீடித்தது.

அச்சுரங்கங்களில் போலந்து, ஸ்லொவேனியா, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்களும் உழைத்தனர். ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு அவர்கள் நிலையை விளக்க வேண்டுவதில்லை. உதவித்தொகை அடுப்பை அணையாமல் காக்கும். அதன் அருமை பெரிது. ஆயினும், உழைப்பவனுடைய கைத்திறனுக்கு ஏற்ற வேலை வந்து சேர்ந்த பின்னரே சுரங்கத்தின் வாயில் அடைபட வேண்டும். லிம்பர்க் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.