சிறுவர் அச்சிட்ட பத்திரிகைகளும் அவற்றைக் காத்தவர்களும்

பாடசாலைப் பருவத்தில் நானும் வகுப்புத் தோழர் மூவரும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். கொப்பித் தாள்களில் எழுதி, நூலால் தைத்த ஒரேயொரு பிரதி வீடு வீடாகச் சுற்றிவரும். ஐந்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று. அம்மா அவற்றை றங்குப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. நாங்கள் திரும்பிச் சென்றபோது வீட்டுக்குக் கூரையும் இருக்கவில்லை, பெட்டியும் இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்கச் சிறுவர்கள் நடத்திய அமெச்சூர் பத்திரிகைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி நினைவுக்கு வருகின்றது. அவர்களுடைய பத்திரிகைகள் பிழைத்தன, எங்களுடையது பிழைக்கவில்லை. இதற்கான காரணம் ஆராயத்தக்கது.

1867 இல் பொஸ்டன் நகரைச் சேர்ந்த பெஞ்சமின் வூட்ஸ் என்பவர் ‘நொவெல்டி’ என்ற சிறிய, மலிவான அச்சியந்திரத்தை விற்பனைக்கு விட்டார். அதைத் தொடர்ந்து வேறு பலரும் அத்தகைய இயந்திரங்களைச் செய்தனர். நடுத்தர வர்க்கத்து வீடுகளின் பின்னறைகளில் பதின்ம வயதினர் தாமே எழுதி, தாமே அச்சுக்கோத்து, தாமே மையிட்டுப் பத்திரிகை வெளியிடத் தொடங்கினர். உள்ளங்கை அகலத் தாள்களில் கதை, புதிர், ஆசிரிய தலையங்கம், சக பத்திரிகைகள் மீதான காரசாரமான விமர்சனம் எல்லாம் இடம்பெற்றன. பணம் நோக்கமல்ல. ஒருவர் தமது இதழை மற்றவருக்கு அனுப்ப, அவர் தம்முடையதைப் பதிலுக்கு அனுப்புவார். 1876 ஜூலை 4 இல், குடியரசின் நூற்றாண்டு நாளன்று, பிலடெல்பியாவில் கூடி அவர்கள் ஒரு தேசிய சங்கத்தையே நிறுவினர்.

இவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சின்சினாட்டி நகரில் ஹேர்பேர்ட் கிளார்க் என்ற கறுப்பின இளைஞர் ‘லெ பிஜூ’ என்ற இதழை நடத்தினார். பிரெஞ்சு மொழியில் ‘நகை’ என்பது அதன் பொருள். 1879 இல் அவர் தேசிய சங்கத்தின் மூன்றாவது உபதலைவராகத் தெரிவானார். அதைப் பொறுக்காத தென் மாநில உறுப்பினர் பலர் பிரிந்து சென்று, கறுப்பினத்தவரைச் சேர்க்கக்கூடாது என்பதையே கொள்கையாகக் கொண்ட தனிச்சங்கம் அமைத்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின்னரான மறுசீரமைப்புக் காலம் 1877 இல் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. நாட்டை ஆட்டிய அதே பிணக்கு, மீசை அரும்பாத ஆசிரியர்களின் உலகத்தையும் பிளந்தது. கிளார்க் தமது பத்திரிகையில் அந்த இனவாதத்தை எதிர்த்து எழுதினார். அவரது குரலைக் கேட்க விரும்பும் ஆய்வாளர் தேடவேண்டிய இடம் இந்தச் சிறு தாள்களே.

அவை எவ்வாறு எஞ்சின? அச்சிட்டுப் பரிமாறியதனால் பிரதிகள் பல ஊர்களில் இருந்தன என்பது முதற்காரணம். சிலர் அவற்றைச் சேர்த்து வைத்தனர் என்பது அடுத்தது. எட்வின் ஹட்லி ஸ்மித் திரட்டிய பெருந்தொகுப்பு பல இடங்கள் மாறி 2004 இல் விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. திகில் கதாசிரியர் லவ்கிராஃப்டும் 1914 இல் இந்த அமெச்சூர் உலகில் சேர்ந்தவரே. அவர் 1915 முதல் வெளியிட்ட ‘கொன்சர்வேட்டிவ்’ இதழ் அவ்வுலகின் விளைபொருள். 1812 இல் தொடங்கப்பட்ட வூஸ்டர் நகரின் அமெரிக்கத் தொல்பொருட் கழகத்திலும் பெருந்தொகையான இதழ்கள் உள்ளன. அத்தொகுப்பை ‘கேல்’ நிறுவனம் எண்ணிமப்படுத்தியுள்ளது.

இங்கு ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டியவை உள்ளன. தேய்ந்த எழுத்துக்களைக் கொண்டு பழகாத கைகள் அச்சிட்ட பக்கங்களைக் கணினி பிழையாக வாசிக்கும். ஆசிரியர்கள் புனைபெயர்களில் ஒளிந்திருப்பார்கள். இன்றைய கண்ணியமான சொல்லை இட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. கறுப்பினத்தவரை அக்காலத்தவர் குறித்த சொற்களை, வசைச்சொற்கள் உட்பட, இட்டே தேடவேண்டும். தேடற்பெட்டி ‘இல்லை’ என்றால் உண்மையில் இல்லை என்று கொள்ளாமல், பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நன்று. மேலும், கேலின் தொகுப்பு சந்தா செலுத்தும் நூலகங்களின் வழியாகவே கிடைக்கின்றது. இலவசமாகப் பரிமாறப்பட்ட பத்திரிகைகளுக்கு இன்று வாயிற்காவல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே உள்ளது.

இவ்விடயத்தில் நாம் பெருமைப்பட இடமுண்டு. 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம், ஈழத்துச் சிறுசஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதன் ஆபத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் கையெழுத்துப் பத்திரிகைகளை நாம் இன்னும் பொருட்படுத்துவதில்லை. ‘சின்ன வயதுக் கிறுக்கல்’ என்று வைத்தவர்களே எறிந்துவிடுகிறார்கள். வாசகர்களிடம் எனது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டிலோ, புலம்பெயர்ந்த உறவினர் வீட்டிலோ அத்தகைய இதழ் ஒன்று இருந்தால், அதைப் படமெடுத்து இன்னும் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். எங்கள் ஐந்து இதழ்களுக்கும் அப்படி ஒரு பிரதி இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறுவிதமாக எழுதியிருப்பேன்.