புள்ளியும் அக்ஸானும்

பிரெஞ்சு நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் ஆங்கிலம் அறிந்தவருக்குப் பழகியவைதான். புதியவை எகு, கிராவ், சிர்கோன்ஃப்ளெக்ஸ் என்ற அக்ஸான்களும் த்ரெமா, செதீய் என்பனவும் சேர்ந்த 5 குறிகள். ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு படிப்பவருக்கு இவை வெறும் அலங்காரமாகத் தோன்றும். தமிழ் எழுத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இவற்றின் வேலை புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரு மொழிகளையும் அதிகம் அலைக்கழித்தது எகரம். தொல்காப்பிய நெறிப்படி புள்ளி பெற்றால் குறில், பெறாவிட்டால் நெடில். ஓலையில் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டதால், எது குறில் எது நெடில் என்பதை இடம் நோக்கியே வாசிக்க நேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். பிரெஞ்சிலும் ஒரே எகரம் பல ஒலிகளைச் சுமந்து நின்றது. பாரிஸின் அச்சாளர் ஜொஃப்ருவா தோரி 1529இல் குறிகளை முன்மொழிந்தார். 1740இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதியின் மூன்றாம் பதிப்பு அவற்றுக்கு நிலையான இடம் கொடுத்தது.

ஆனால் தீர்த்த சிக்கல் ஒன்றல்ல. தமிழ்க் கொம்பு காட்டுவது மாத்திரையை. பிரெஞ்சுக் குறி காட்டுவது வாயின் திறப்பை. வலப்பக்கம் ஏறும் எகு இருந்தால் தாடையை அதிகம் இறக்காமல், இகரத்தை நெருங்கி ஒலிக்க வேண்டும்: பள்ளிக்கூடத்துக்கான எகோல். இடப்பக்கம் ஏறும் கிராவ் இருந்தால் வாய் அகரத்தை நோக்கித் திறக்கும்: தாய்க்கான மேர். இரண்டையும் எ, ஏ என்று பிரித்துக்கொள்வது தமிழர் பலருக்கும் வரும் பழக்கம். அது தவறான பாதை. குறியே இல்லாத எகரம் பல இடங்களில் மங்கலாக ஒலிக்கும், சொல்லின் கடைசியில் பெரும்பாலும் ஒலிக்கவே ஒலிக்காது.

சிர்கோன்ஃப்ளெக்ஸ் பல சொற்களில் மறைந்துபோன ஒரு ஸகரத்தின் தடம். காட்டைக் குறிக்கும் ஃபொரே, மருத்துவமனையைக் குறிக்கும் ஒபிதால் இரண்டிலும் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபாரஸ்ட்’, ‘ஹாஸ்பிடல்’ என அந்த ஸகரம் இன்றும் ஒலிக்கிறது.

இடத்துக்கேற்ப ஒலி மாறுவது நமக்குப் புதிதல்ல. கல், அகம், தங்கம் மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. பிரெஞ்சின் மூன்றாம் எழுத்தான ‘ஸே’யும் அப்படியே: அ, ஒ, உ வரிசை உயிர்களின் முன் ககரம், எ, இ முன் ஸகரம். விதியை மீற வேண்டிய இடத்தில் அடியில் செதீய் என்ற வால் சேரும். பையன் என்னும் கார்ஸோன் அப்படி எழுதப்படுவதுதான். தமிழில் அத்தகைய குறி கிடையாது. ‘பாபு’வின் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்பதை, பெயரை அறிந்தவரே அறிவார்.

மிக அழகான ஒப்புமை புணர்ச்சியில் இருக்கிறது. ‘அதை’யோடு ‘பார்’ சேர்ந்தால் இல்லாத ஒரு பகரமெய் தோன்றுகிறது, அதை எழுதியும் காட்டுகிறோம். பிரெஞ்சில் நேர்மாறு. எழுத்தில் எப்போதும் நிற்கும் ஈற்று மெய் தனியே ஊமையாக இருந்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொள்ளும். ‘லே’யும் ‘அமி’யும் சேர்ந்து ‘லேஸமி’ ஆகும். அந்த ஸகரத்தில் அதிர்வு இருக்கும். மெய் தனித்து நிற்பதைத் தமிழ் புள்ளியிட்டுக் காட்டுகிறது. ஈற்று மெய் ஒலிக்காது என்று சொல்லப் பிரெஞ்சில் எந்தக் குறியும் இல்லை. ‘பேசு’ என்னும் வினையின் நிகழ்கால வடிவங்களில் மூன்று வெவ்வேறு எழுத்துக்கோவைகள் ‘பார்ல்’ என்ற ஒரே ஒலியாக முடிவது இதனால்தான்.

மூக்கொலி உயிர்களைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அஞ்சத் தேவையில்லை. பேச்சில் ‘மரம்’, ‘அவன்’ என்று சொல்லும்போது ஈற்று மெய்யை நாம் முழுதாக ஒலிப்பதில்லை. உயிரை மூக்கு வழியாக விட்டு நிறுத்திவிடுகிறோம். நல்லது என்னும் ‘போன்’ கேட்பதும் அதே உத்தியைத்தான். உண்மையில் புதியது பிரெஞ்சின் உகரம்: உதட்டை ஊகாரத்துக்குக் குவித்து, நாவை ஈகாரத்தில் வைக்க வேண்டும். தமிழில் அதற்கு நிகர் இல்லை. கேட்டுப் பழகுவதே வழி.

பிரெஞ்சில் எழுத்தைக் கண்டால் ஒலியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒலியைக் கேட்டு எழுதுவதுதான் கடினம். ஆகவே தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு சொல்லையும் அதன் குறியோடு சேர்த்துக் கையால் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிவைக்காதீர்கள்.