ஆண்டுக்கொரு யானை



வலிமை மிக்கோரை இன்சொல்லாலும் பணிவாலும் வயப்படுத்தி வாழ்வது மிகப் பழைய அரசியல் வழி. வள்ளுவப் பெருந்தகையும் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அவ்வழியால் வரும் ஊதியம் யாது, இழப்பு யாது என்பதைப் புதுக்கோட்டை வரலாறு நமக்கு உணர்த்தும்.

18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு, தஞ்சை மராத்தியர், மைசூரார், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இப்பகுதியில் மேலாண்மைக்காகப் பொருதனர். இவர்களிடையே அகப்பட்ட சிற்றரசு புதுக்கோட்டை. தொண்டைமான்கள் கும்பினியாரின் நட்பை நாடினர். 1750களில் திருச்சிராப்பள்ளிப் போர்களின்போது ஆங்கிலப் படைக்கு உணவுப்பொருள்கள் அனுப்பினர். 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் அவ்வீரர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதனால் எழுந்த பழி இன்றும் மறையவில்லை.

பரிசிலும் கிடைத்தது. தாம் புரிந்த உதவிகளை எடுத்துரைத்துத் தொண்டைமான் விண்ணப்பித்தார். கும்பினியார் 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதனைச் சார்ந்த நிலப்பகுதியையும் அவருக்கு வழங்கினர். அதற்குக் குறித்த திறை, ஆண்டுக்கொரு யானை! அதனையும் அவர்கள் வற்புறுத்திப் பெற்றாரில்லை. 1836இல் முறைப்படி நீக்கிவிட்டனர். தென்னாட்டுப் பாளையங்கள் பல அழிந்தும் ஜமீன்களாகச் சுருங்கியும் போக, புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக நிலைத்தது. சிற்றரசொன்றுக்கு இது சிறிய பேறன்று.

ஆயினும், தயவினால் பெற்ற பொருளின் கடிவாளம் தந்தவர் கையிலேயே இருக்கும். இராமச்சந்திர தொண்டைமான் காலத்தில் கடன் பெருகியது, நிருவாகம் சீர்கெட்டது. ஆங்கில அரசு 1859இல் அவருடைய 'எக்ஸலென்ஸி' பட்டத்தைப் பறித்தது. முன்னோர் அனுப்பிய உணவும், அவர்கள் ஒப்படைத்த வீரனும் அன்று அவருக்குத் துணைவரவில்லை.

சமஸ்தானத்தின் மதிப்பை மீட்டது நல்லாட்சியே. 1878இல் திவானாகப் பொறுப்பேற்ற அ. சேஷையா சாஸ்திரியார், விளைச்சலில் அரசு பங்கு கொள்ளும் அமானி முறையை ஒழித்துப் பணவரியை ஏற்படுத்தினார்; நகர மக்களின் குடிநீருக்காகப் புதுக்குளத்தைச் செப்பனிட்டார்.

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. பட்டமும் யானைத்திறையும் இன்று ஏட்டுச் செய்திகள். சாஸ்திரியாரை மக்கள் நினைவுகூர்வது அவருடைய செயல்களால். மாணவர்களே, இனிமையாகப் பேசப் பழகுங்கள். பிறர் தயவை நாடும்போது, அதற்கு விலையாக எதைக் கொடுக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.