கடல் எதிரொலியும் கேயாஸ் கோட்பாடும்

ரேடார் அனுப்பும் நுண்ணலையைப் படகும் கப்பலும் மட்டும் திருப்பி அனுப்புவதில்லை. கடல் அலைகளும் திருப்பி அனுப்புகின்றன. அலைகளிலிருந்து வரும் இந்த வேண்டாத சமிக்ஞை கடல் எதிரொலி எனப்படுகிறது. ஒரு சிறு படகோ, நீர்மட்டத்தில் மிதக்கும் பனித்துண்டோ அதற்குள் மறைந்துபோனால் மாலுமிக்கு ஆபத்து.

நெடுங்காலம் இது தற்செயலான ஏற்ற இறக்கமாகவே கருதப்பட்டு, நிகழ்தகவு முறைகளால் விளக்கப்பட்டது. 1976இல் ஜேக்மேனும் பியூசியும் முன்வைத்த கே-பரவல் அவற்றுள் முக்கியமானது.

இதற்கிடையே கேயாஸ் கோட்பாடு வளர்ந்தது. தாறுமாறாகத் தோன்றுவதன் பின்னால் எளிய விதிகள் இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். ஒரே ஓர் அளவைத் தொடர்ந்து பதிவுசெய்தாலே முழு இயக்கத்தின் வடிவத்தையும் மீட்கலாம் என 1981இல் கணிதவியலாளர் டாக்கன்ஸ் நிறுவினார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் ஹேய்கினும் ஹென்றி லியுங்கும் 1990இல் இதைக் கடல் எதிரொலிக்குப் பொருத்திப் பார்த்தனர். அதுவும் கேயாஸ் வகையே என்பது அவர்கள் கருத்து.

நரம்பணுப் பிணையம் இங்கேதான் வருகிறது. எதிரொலிக்கு விதி உண்டென்றால், முந்தைய சில மதிப்புகளிலிருந்து அடுத்த மதிப்பைக் கணிக்கலாம். வெறும் கடலின் எதிரொலியைக் கொண்டு பிணையத்தைப் பயிற்றுவித்துவிட்டால், கடல் வெறுமையாக இருக்கும்வரை கணிப்பு பெரும்பாலும் பலிக்கும்; படகு குறுக்கிட்டால் பொய்க்கும். கணிப்பு பொய்க்கும் இடத்தில் படகைத் தேடு என்பது அழகான யோசனைதான். 1995இல் ஹேய்கினும் லீயும் இம்முறையை விரிவாக வெளியிட்டனர்.

சோதனைத் தரவுகள் பல, மக்மாஸ்டரின் ஐபிக்ஸ் ரேடார் 1993 நவம்பரில் நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மத் அருகே பதிவுசெய்தவை. அட்லாண்டிக்கில் மிதந்த இலக்கு, கம்பிவலை சுற்றிய 1 மீட்டர் அகலத் தெர்மோகோல் உருண்டை!

2002இல் நிலைமை மாறியது. எடின்பரோ ஆய்வாளர்கள் பழைய சான்றுகளை மறுபரிசீலனை செய்தனர். கேயாஸைக் காட்டுவதாக நம்பப்பட்ட அளவீடுகள், தற்செயலான தரவுக்கும் அதேபோன்ற எண்களைத் தந்தன. பித்தளைக்கும் பொன் என்று சொல்லும் உரைகல்லை எப்படி நம்புவது? அதே ஆண்டில் பாக்கர், கரி ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் ஹேய்கினே கேயாஸ் விளக்கத்தை ஐயத்துக்குரியதாக்கினார். பன்னிரண்டு ஆண்டுக் கருத்தைத் தம் கையாலேயே திருத்தியது சிறிய செயலன்று. சில நொடிகளுக்குள், முந்தைய நான்கைந்து மதிப்புகளைச் சார்ந்த தன்பின்னடைவு மாதிரியே எதிரொலியை நன்கு விளக்குகிறது. அதற்கு மேல், பெரிய அலைகள் அதன் வீச்சையும் அதிர்வெண்ணையும் மாற்றுகின்றன என்று அக்கட்டுரை காட்டியது.

டார்ட்மத் தரவுகள் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டன. சிறு இலக்குகளைக் கண்டறியும் இன்றைய ஆழ்கற்றல் பிணையங்களும் அந்தத் தெர்மோகோல் உருண்டையைத் தேடியே சோதிக்கப்படுகின்றன.