பீடத்தில் ஏறிய பையன்கள்

பட்டாபி, கௌரிசங்கர், ரகுபதி. ‘அழியாத கோலங்கள்’ படத்தில் வரும் மூன்று பையன்கள். 1979 டிசம்பரில் வெளியான அந்தப் படத்தைத் தன் பால்யத்திலிருந்து எடுத்ததாக பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். அவருடைய முழுப்பெயர் பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன். 1939-ல் மட்டக்களப்பை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தவர். படித்தது இயேசு சபைக் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில். அப்படியானால் பெஞ்சமினின் பால்யத்தில் ஏன் ஒரு பெஞ்சமின்கூட இல்லை? ஒரு ஃபாதர்? ஒரு பூசை மணி? ஒரு கெபி?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது அந்தப் படத்தைப் பார்த்து அல்ல. வேறொரு படத்தைப் பற்றி நண்பர்களோடு சண்டை போட்டபோது வந்தது. ‘தி டேஞ்சரஸ் லைவ்ஸ் ஆஃப் ஆல்டர் பாய்ஸ்’, 2002-ல் வந்த அமெரிக்கப் படம், பீட்டர் கேர் இயக்கியது. எழுபதுகள். கத்தோலிக்கப் பள்ளி. பூசைக்கு உதவி செய்யும் பீடச்சிறுவர்கள் சிலர் சேர்ந்து ஒரு காமிக்ஸ் வரைகிறார்கள். அதில் இவர்கள் சூப்பர் ஹீரோக்கள், வில்லி இவர்களுடைய ஆசிரியையான கன்னியாஸ்திரி. ஜோடி ஃபாஸ்டர் செய்திருக்கும் பாத்திரம் அது. பையன்கள் புனித ஆகத்தா சிலையைத் திருடுகிறார்கள், காமிக்ஸ் மாட்டிக்கொள்கிறது, அடுத்து ஒரு கூகர் பூனையைப் பிடித்துவந்து பள்ளியில் விடுவது என்று திட்டம் போடுகிறார்கள். அதில் ஒருவன் செத்துப்போகிறான். மூல நாவலை எழுதிய கிறிஸ் ஃபர்மன் ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரத்துக்காரர். முப்பது வயதைத் தாண்டியவுடன் புற்றுநோயில் இறந்தார். நாவல் அச்சில் வந்தது 1994-ல், அவர் போன பிறகு.

நாங்கள் நான்கு பேர் பார்த்தோம். நால்வரும் காவிரிப் படுகைக்காரர்கள், நால்வரும் ‘ஃபாதர் ஸ்கூல்’ மாணவர்கள், இப்போது நால்வருக்கும் ஐ.டி. வேலை. மூன்று பேருக்குப் படம் பிடித்திருந்தது. பள்ளிக்கூட அட்டகாசம், கடைசியில் சாவு, யாருக்குத்தான் பிடிக்காது? நான்காமவன்தான் எங்களில் ஒரே கத்தோலிக்கன். கொள்ளிடக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன், சின்ன வயதில் நிஜமாகவே பீடச்சிறுவனாக இருந்தவன். அவன் மட்டும் உம்மென்று இருந்தான். கேட்டதற்கு, “இவனுங்களுக்கு எல்லாம் கெடைச்சிடுச்சு, அதான் தூக்கிப் போடுறானுங்க” என்றான்.

அப்போது எனக்கு அது புரியவில்லை. ஏதோ பக்தியில் சொல்கிறான் என்று நினைத்தோம்.

எங்கள் பக்கத்து ஃபாதர் ஸ்கூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வகுப்பில் பெரும்பாலான பையன்கள் இந்துக்கள், சில முஸ்லிம்கள், ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய அளவு கத்தோலிக்கர்கள். வாரத்தில் ஒரு பீரியடில் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். அவர்கள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள், எங்களுக்கு நீதிபோதனை. நீதிபோதனை என்றால் என்ன, வாத்தியார் பேப்பர் திருத்துவார், நாங்கள் பின் பெஞ்சில் புக் கிரிக்கெட் ஆடுவோம். பரீட்சைக்கு முன்னால் மட்டும் எல்லா மதத்தவரும் கெபி முன்னால் மெழுகுவத்தியோடு நிற்போம். சிலுவை போட்டுக்கொள்வதில் எந்தப் பக்கத் தோள் முதலில் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் மார்க் வந்தது.

அந்தக் கன்னியாஸ்திரி மேல் அந்தப் பையன்களுக்கு இருக்கும் கோபத்துக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அவர் சொல்லும் நரகம் தனக்கும் உரியது என்று பையன் நம்ப வேண்டும். எங்களுக்கு அந்த நரகத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. நாங்கள் கணக்குப் படிக்க வந்தவர்கள். கடவுளை எதிர்த்துக் கலகம் செய்ய முதலில் அந்தக் கடவுளின் வீட்டுப் பிள்ளையாக இருக்கணும், இல்லையா?

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு கிடையாது. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கும் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் உண்டு. லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. மரணப் படுக்கையில் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. செய்யச் சொல்லி அனுப்பியவரும் சரபோஜிதான். 1798-ல் ஷ்வார்ட்ஸ் இறந்தார், அதே ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார். ஷ்வார்ட்ஸ் லூத்தரன், கத்தோலிக்கர் அல்ல. ஆனால் பாதிரியார் பள்ளிக்கும் படுகைப் பையனுக்கும் உள்ள ஒப்பந்தம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். சரபோஜி அவரிடமிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டார், மருத்துவம், அச்சு, நூலகம் என்று ஐரோப்பாவின் மேல் தீராத ஆர்வத்தை எடுத்துக்கொண்டார், பாசத்தையும் எடுத்துக்கொண்டார். மதத்தை அங்கேயே வைத்துவிட்டார். கடைசிவரை இந்து அரசர்தான்.

கத்தோலிக்கப் பக்கமும் இதே கதை. 1844-ல் இயேசு சபையினர் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். 1883-ல் அது திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய செயின்ட் ஜோசப் கல்லூரி அதுதான். 1950-களில் அங்கே ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் அப்துல் கலாமும் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் ரங்கராஜனும் (ஆமாம், நம்ம சுஜாதா) இயற்பியல் படித்தார்கள். தனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த, விடுதி வார்டனாகவும் இருந்த ஃபாதர் செக்வேராவை கலாம் பின்னாளில் பிரியத்தோடு எழுதினார். இவர்களில் யார் ஆகத்தா சிலையைத் திருடப் போகிறார்கள்?

அப்போ கலகமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. அதுதான் சங்கடம். சரபோஜியோடு ஷ்வார்ட்ஸிடம் படித்த இன்னொருவர் வேதநாயக சாஸ்திரியார். இன்றும் தென்னாட்டு சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகளின் ஆசிரியர். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள், நற்கருணையில் சாதி வேறுபாடு கூடாது, எல்லோரும் ஒன்றாக வரவேண்டும் என்று பிடித்த பிடியாக நின்றார்கள். தேவாலயத்தில் தமிழ் இசை வேண்டாம் என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். 1829-ல் அவர்களுக்கு எதிராக நீளமாக எழுதினார். மிஷன் வேலை போனது, பழைய பள்ளித்தோழர் சரபோஜி அவரை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். படமாக எடுத்தால் அருமையான காட்சி: வெள்ளைக்காரப் பாதிரியை எதிர்த்து நிற்கும் தமிழ்க் கவிஞன், கைகொடுக்கும் ராஜா, பின்னணியில் கீர்த்தனை. தியேட்டரில் விசில் பறக்கும். அவர் எதற்காக எதிர்த்தார் என்பதில் பாதியை மட்டும் வெட்டிவிட வேண்டும். இசைக்காக அவர் செய்த கலகத்தில் நான் அவர் கட்சி. மற்ற பாதியில் இல்லை. ஆனால் அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கலகம்.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நண்பனிடம் மறுபடி கேட்டேன், அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அவன் அப்பா காலத்தில் அவர்கள் தெருப் பையன்களைப் பீடத்தில் ஏற்ற மாட்டார்களாம். பூசைக்கு மணி அடிப்பது, தூபம் பிடிப்பது, அங்கி போட்டுக்கொண்டு குருவுக்குப் பின்னால் நடப்பது எல்லாம் மேலத்தெருப் பிள்ளைகளுக்கு மட்டும். இவர்கள் கோயிலுக்குள் ஒரு ஓரம். கல்லறையும் வேறு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிக்கென்று ஒரு சுவரே இருப்பதைப் பற்றி நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம், கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. அவன் அப்பாவும் இன்னும் சிலரும் மனு கொடுத்து, திருவிழாவைப் புறக்கணித்து, அடிபட்டு, பல வருஷம் கழித்துத்தான் அந்தத் தெருவிலிருந்து ஒரு பையன் அங்கியோடு பீடத்தில் ஏறினான். இவனுடைய பெரியப்பா மகன். சில வருஷம் கழித்து இவன்.

“மொத நாள் எனக்கு மணி அடிக்கக்கூடக் கை வரலடா. கீழ அப்பா அழுதுட்டு நிக்கிறாரு. அந்தப் படத்துல பாரு, ரெண்டு பேரும் கோயில் ரசத்தக் குடிச்சிட்டுச் சிரிக்கிறாப்ல ஏதோ ஒரு ஜாலி. எனக்கு அந்தப் பீடத்துல ஏறினதுதான்டா ரௌடித்தனம்.”

சவானா பையன்களின் கலகம் பீடத்திலிருந்து இறங்குவது. இவனுடையது ஏறுவது. ஒரே அங்கி, ஒரே மணி. நாங்கள் மூவரும் ரசித்த படத்தை அவன் எந்த இடத்திலிருந்து பார்த்தான் என்று அதன் பிறகுதான் விளங்கியது. நாங்கள் அதைப் பள்ளிக்கூடப் படமாகப் பார்த்தோம். அவன் கோயில் படமாகப் பார்த்தான்.

இனி பெஞ்சமினுக்கு வருவோம். ‘அழியாத கோலங்கள்’ 1971-ல் வந்த ‘சம்மர் ஆஃப் 42’ படத்தின் தாக்கத்தில் பிறந்தது. கிராமம், ஆறு, மூன்று நண்பர்கள், ஊருக்குப் புதிதாக வரும் டீச்சர் இந்துமதி. கௌரிசங்கர் அவளிடம் மனசைக் கொடுக்கிறான். நண்பர்களில் ஒருவன் ஆற்றில் மூழ்கி இறக்கிறான். வளர்ந்த கௌரிசங்கராகக் கமல் கொஞ்ச நேரம் வருகிறார். சலீல் சௌத்ரியின் இசை. ஆக இங்கேயும் ஒரு சாவுதான் பால்யத்தை முடித்து வைக்கிறது. ஆனால் இங்கே யாரும் எதையும் எதிர்த்துச் சாகவில்லை.

மன்னார்குடிப் பக்கத்து மாமா ஒருவர் படம் வந்த புதிதில் பார்த்தவர். இப்போதும் கேட்டால், “நம்ம வெண்ணாத்துல நடந்த கதைடா அது” என்பார். ஈழத்து உப்பங்கழிக் கரையில் வளர்ந்த ஒருவரின் பால்யத்தை வெண்ணாற்றங்கரை ஆள் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள, பட்டாபியும் கௌரிசங்கரும் தேவைப்பட்டிருக்கிறார்கள். பையன்களின் பெயர் பெஞ்சமின், அந்தோணி, சவரிமுத்து என்று இருந்து, டீச்சருக்குப் பதில் ஒரு சிஸ்டர் வந்திருந்தால் மாமா என்ன சொல்லியிருப்பார்? “கிறிஸ்டீன் படம்” என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான். அத்தையின் கருத்து வேறு: “அந்தப் பொண்ணு ஷோபா, ஐயோ.” படம் வந்து ஐந்து மாதத்தில், 1980 மே 1 அன்று, ஷோபா இறந்துபோனார். அதற்குப் பிறகு பலரால் இந்துமதியைக் கதாபாத்திரமாக மட்டும் பார்க்க முடியவில்லை. பையன்களைப் பற்றிப் பேச்சே குறைந்துபோனது.

தமிழ் சினிமாவில் ஃபாதருக்கு என்று ஓர் இடம் ஏற்கெனவே உண்டு. ‘ஞான ஒளி’ (1972) ஞாபகம் இருக்கிறதா? அநாதையை எடுத்து வளர்ப்பார், மன்னிப்பார், கடைசியில் ஆசீர்வதிப்பார். அப்படிப்பட்டவர் மேல் எந்தப் பையன் கல்லெறிவான்? மதத்தை எதிர்த்து இளசுகள் செய்த ஒரு கலகம் என்றால் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981). விச்சு பூணூலையும் மேரி சிலுவையையும் கழற்றி எறிவார்கள். அதற்கும் காதல் என்ற அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. காதலிக்காத, சும்மா கோபமாக இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பையனுக்குத் தமிழில் படம் கிடையாது. பீடத்தில் ஏற விரும்பிய பையனுக்கோ கேட்கவே வேண்டாம்.

சந்தைக்காகப் பெயரை மாற்றினார் என்று பாலு மகேந்திராவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஈழத்திலிருந்து வந்து, பூனாவில் ஒளிப்பதிவு படித்து, கன்னடத்தில் ‘கோகிலா’ எடுத்துவிட்டு, தமிழில் முதல் படம் இயக்குகிற ஆள், தன் பால்யத்தை நம்மிடம் செல்லுபடியாகும் நாணயமாக மாற்றித்தான் கொண்டுவந்தார். ஆனால் மாற்றுவதில் போனது சின்னத் தொகை இல்லை. அவருடைய நிஜமான பள்ளிக்கூடம் சினிமாவுக்கே ஒரு விஷயம். மட்டக்களப்பில் அப்போது இருந்த குருக்களில் பலர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மாகாண இயேசு சபையிலிருந்து வந்தவர்கள். சவானாவும் அதே தெற்கு அமெரிக்காதான். அவருக்கு சினிமா மேல் ஆசை மூட்டியவர் ஃபாதர் லோரியோ என்ற ஆசிரியர். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ போன்ற படங்களை அவர் பார்த்ததும் அந்தப் பள்ளி நாட்களில்தான். ஒரு பாதிரியார் பள்ளிச் சிறுவன் சோவியத் புரட்சிப் படம் பார்க்கிறான்! இதை யாராவது படமாக எடுத்திருந்தால் நான் முதல் டிக்கெட் எடுத்திருப்பேன்.

இன்னொன்றும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுண்டு. பள்ளிச் சுற்றுலா போனபோது, ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படப்பிடிப்பைச் சிறுவனாக வேடிக்கை பார்த்தாராம். டேவிட் லீன் “ரெயின்” என்று கத்தினார். மழை கொட்டியது. சொன்னால் மழை பெய்கிறதே, இவர் யார் என்று வாய் பிளந்து நின்ற பையன், தானும் டைரக்டர் ஆவது என்று முடிவு செய்தான். கிதுல்கலவில் அந்தப் படப்பிடிப்பு நடந்தது 1956-57-ல். அப்போது அவருக்குப் பதினேழு வயது. நினைவில் அவர் தன்னைச் சின்னப் பையனாகவே நிறுத்திக்கொண்டார், சொன்னதும் மழை பெய்யவைக்கும் ஒருவரின் எதிரில்.