பூனைக்காலி வித்தும் நடுக்குவாதமும்

திருக்கோணமலைக்கு வடக்கே திரியாய் முதலிய கரையோர ஊர்களை உள்ளடக்கிய உலர்வலயப் புதர்க்காடுகளுக்குப் பூனைக்காலிக் கொடி புதியதன்று. அதன் காயிலுள்ள சுணை உடலிற் பட்டால் எழும் தினவு பலரும் அறிந்ததே. வித்தோ நெடுங்காலமாக ஆயுள்வேத மருந்துகளிற் சேர்ந்து வந்துளது. அம்மருத்துவர் கம்பவாதம் என வழங்கிய நோயும், இலண்டன் மருத்துவர் யேம்சு பார்க்கின்சன் 1817 இல் விரித்துரைத்த நோயும் பெரிதும் ஒப்புமையுடையன.

1937 இல் சென்னைப் பல்கலைக்கழக உயிரிரசாயன ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் இவ்வித்திலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அவரையினத்துப் பிறிதொரு செடியிலிருந்து குகன்கைம் அதனை 1913 இலேயே பெற்றிருந்தார். ஆயினும் அப்பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பு அக்காலத்தில் எவருக்கும் புலப்படவில்லை.

அத்தொடர்பு புலப்பட்டதற்கும் நம் மூலிகையொன்றே துணைசெய்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்பட்ட ரெசர்ப்பின் என்னும் மருந்து விலங்குகளை அசைவற்றுக் கிடக்கச் செய்யும். அவ்வாறு கிடந்த விலங்குகள் டோபா ஏற்றியதும் மீண்டும் இயங்குவதை 1957 இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் கண்டார். நோயுற்று இறந்தோர் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருத்தலை வியன்னாவில் ஓர்னிக்கீவிச்சு 1960 இல் நிறுவினார். மறு ஆண்டு அவரும் பிர்க்குமாயரும் எல்-டோபாவை நரம்பு வழியே ஏற்றியபோது, படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். சில மணி நேரத்தில் அப்பயன் நீங்கிற்று.

1967 இல் அமெரிக்காவில் கொற்சியாசு என்பார் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்தார். பதினாறு நோயாளருள் எண்மர் பெரும் பயன் எய்தினர். எஞ்சியோர்க்கு அத்துணைப் பயன் ஏன் கிட்டவில்லை? இவ்வினா இன்றும் முற்றாகத் தீர்ந்திலது.

பயனை முன்னறிதற்கு மருத்துவர் கையாளும் முறை எளியது. முன்னிரவு தொட்டு மருந்தை நிறுத்தி, காலையில் நோயாளியின் நடுக்கத்தையும் விறைப்பையும் நடையையும் மதிப்பிடுவர். பின் ஒருமுறை மருந்தளித்து மீண்டும் மதிப்பிடுவர். ஆயின் முதல் வேளையிற் பயன் காணாதார் சிலர் சில கிழமைகள் உட்கொண்ட பின் தேறுதலுமுண்டு. மூளையின் பல பகுதிகளைச் சிதைக்கும் வேறு நோயுடையார் தொடக்கத்தில் நலமுற்றுப் பின்னர் அதனை இழத்தலுமுண்டு. ஆகவே சோதனையொன்றையே கொண்டு மருந்தை மறுத்தல் தகாது. இளமையில் நோயுற்றோர்க்குப் பயன் நன்கு கிட்டினும், சில ஆண்டுகளில் வேண்டா அசைவுகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

உணவும் இதிற் பங்குகொள்ளும். புரதம் மிக்க உணவு அம்மருந்து மூளையைச் சேர்வதைத் தடுக்கும். குடலில் வாழும் பற்றீரியாக்கள் சில அதனை வழியிலேயே சிதைத்துவிடுதலை 2019 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பூனைக்காலி வித்தைத் தாமே பொடித்துண்போர்க்கோ இடர் இன்னும் பெரிது. வித்திலுள்ள எல்-டோபாவின் அளவு கொடிக்குக் கொடி வேறுபடுதலால், மருத்துவர் வகுத்த மாத்திரை அளவோடு அது கூடி எவ்வளவாகும் என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார்.